இயற்பியல் பட்டம் தடையில்லை, பாடப் பட்டியலைப் பாருங்கள்

இயற்பியல் பட்டம் பெற்ற உங்கள் தான்சானிய மாணவிக்குச் சென்ற முறை ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனத்தின் (AIMS) முதுகலையில் இடம் கிடைக்கவில்லை, மீண்டும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பிக்கலாம். கணிதம் கணிசமாகப் படித்த அறிவியல், பொறியியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள்.

சென்ற முறை இடம் கைநழுவியதற்குப் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலே காரணமாக இருக்கும். ‘இயற்பியல் 3’ என்று மட்டும் அச்சாகியிருந்தால், உள்ளே வகைக்கெழுச் சமன்பாடுகள் போன்ற கணிதம் இருந்தது தேர்வுக் குழுவுக்கு எப்படித் தெரியும்? நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு எல்லாம் எந்தத் தாளில் வந்தன என்று அவரோடு உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். அப்படி இரண்டு மூன்று தாளாவது கிடைத்தால், அவற்றை விண்ணப்பத்திலும் உங்கள் பரிந்துரைக் கடிதத்திலும் பெயர் சொல்லியே எழுதுங்கள். பொதுவான புகழுரையைவிட அதற்குத்தான் மதிப்பு.

ஆனால் இந்த முதுகலை ஓராண்டுப் படிப்பு. இறுதி ஆய்வுக் கட்டுரையும் சிறியது. சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டத்துக்கு முன் தனியே ஓர் ஆய்வு முதுகலை கேட்கலாம். அவர் குறிவைக்கும் இடத்தில் இப்போதே விசாரித்துவிடுங்கள்.