மகள் காப்பிரைட்டர் ஆகிறேன் என்கிறாள், சம்மதிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

"எந்த ஆபீசுக்கும் போகப்போவதில்லை, ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டராக இருக்கப்போகிறேன்" என்று கல்லூரி முடிக்கும் முன்பே மகள் சொல்லிவிட்டாள், அன்றிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையின் பெயரே புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமையைக் குறிக்கும் காப்பிரைட் என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் பல பெற்றோர் இது ஏதோ சட்டம் சார்ந்த வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். விளம்பரம், இணையதளப் பக்கம், வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல், அட்டைப்பெட்டியில் அச்சாகும் நாலு வரி, இவற்றின் வாசகங்களை எழுதுபவர் காப்பிரைட்டர். மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், வேலைக்கு வேலை தனியாகப் பேசி எழுதிக் கொடுத்தால் ஃப்ரீலான்ஸ்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும். ஆனால் உங்கள் மகள் நன்றாக எழுதுகிறாள் என்பது மட்டும் அதற்குப் போதாது. அவளுக்கு வேலை கொடுக்கப்போகிறவரின் நாற்காலியில் நீங்களும் அவளும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்த நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு சிறு நிறுவனத்தின் முதலாளி, இல்லையென்றால் மார்க்கெட்டிங் பொறுப்பாளர். சொன்ன தேதிக்கு வேலை வருமா, நம் பொருளை இந்தப் பெண் புரிந்துகொள்வாளா, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போய்விடுவாளா என்பவைதான் அவருடைய கவலைகள். மதிப்பெண் பட்டியலை அவர் பெரும்பாலும் கேட்கமாட்டார். போர்ட்ஃபோலியோ, அதாவது எழுதிய மாதிரிகளின் தொகுப்பு, கேட்பார். அதில் மூன்று நான்கு நல்ல மாதிரிகள் இருந்தால் போதும். இன்னும் கிளையன்டே வராதவள் மாதிரிக்கு எங்கே போவாள் என்று கேட்பீர்கள். சந்தையில் இருக்கும் ஒரு பொருளின் விளம்பரப் பக்கத்தை எடுத்துத் தன் வழியில் திருத்தி எழுதலாம். "பயிற்சிக்காக எழுதியது" என்று மேலேயே தெளிவாகப் போட்டுவிட வேண்டும். அதோடு யாரை மனதில் வைத்து எழுதினாள், எதை ஏன் மாற்றினாள் என்று ஐந்தாறு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பலர் இந்த ஐந்தாறு வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மாதிரியைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அவள் யோசிக்கும் விதம் அங்கேதான் தெரியும்.

முதலில் ஒரு சிறு வேலை கொடுத்துப் பார்ப்பதும் வழக்கம். அதற்குக் கட்டணம் தந்தால் தாராளமாகச் செய்யலாம். முழுப் பக்கத்தை இலவசமாக எழுதிக் காட்டு என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

அப்புறம் பிரீஃப். கிளையன்ட் தன் பொருளைப் பற்றியும் தேவையைப் பற்றியும் கொடுக்கும் குறிப்புக்கு அந்தப் பெயர். நிறைய பேர் ஒரே வரியில் கொடுப்பார்கள்: "நல்லா, கவர்ச்சியா எழுதுங்க." அதை வாங்கிக்கொண்டு உடனே எழுத உட்காருபவள் சீக்கிரம் களைத்துப் போவாள். யார் வாங்குவார்கள், இப்போது இதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்துகிறார்கள், வாங்குவதற்கு முன் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், படித்து முடித்ததும் அவர் போன் செய்ய வேண்டுமா, பதிவு செய்ய வேண்டுமா, வாங்கிவிட வேண்டுமா, நீங்கள் சொல்லும் பெருமைக்கு ஆதாரம் என்ன என்று கேட்க வேண்டும். முடிந்தால் வாடிக்கையாளர்கள் எழுதிய புகார்களையும் பாராட்டுகளையும் வாங்கிப் படிக்க வேண்டும். ஒரு பொருளை வாங்கியவரே தன் வாயால் சொன்ன வார்த்தை பல நேரம் நாம் யோசித்து எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

டேவிட் ஓகில்வியை உதாரணமாகச் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடிக்காமல் வெளியேறியவர், வீடு வீடாக ஏறி இறங்கி அடுப்பு விற்றவர், பின்னாளில் விளம்பர உலகின் பெரிய பெயர். 1958-ல் ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு அவர் எழுதிய தலைப்பு இன்றும் பேசப்படுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அந்தத் தலைப்பின் பொருள். அது அவர் கற்பனையில் பிறந்த வரி இல்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னதை எடுத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். உங்கள் மகளிடம் மொழி இருக்கிறது. அந்த மூன்று வாரப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். வார்த்தைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு என்று மூன்று விதமாகப் பேசுகிறார்கள். விளம்பர எழுத்துக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. கூகுள் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துக்குறிகள்தான் இடம். அந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆகலாம். வார்த்தைக்கணக்கில் பேசினால் கிடைப்பது ஒன்றுமில்லை. மாதாமாதம் ஒரே கிளையன்டுக்கு எழுதும்போது ரிடெய்னர் என்று மாதத்தொகை பேசிக்கொள்ளலாம்.

எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர் போன் பேச்சை நம்பி ஒரு நிறுவனத்தின் முழு இணையதளத்தையும் எழுதிக் கொடுத்தார். முதலில் நிர்வாகி திருத்தம் சொன்னார், பிறகு அவருடைய பங்குதாரர், பிறகு பங்குதாரரின் தம்பி. ஒருவர் சேர்க்கச் சொன்னதை இன்னொருவர் எடுக்கச் சொன்னார். மாதங்கள் போனதுதான் மிச்சம், பாதிப் பணம்கூட வரவில்லை. அந்தப் பிள்ளை சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரே பக்கக் கடிதம் இதைத் தடுத்திருக்கும். எத்தனை பக்கம், எந்தத் தேதி, தொடங்கும்போது பாதித் தொகை, கட்டணத்துக்குள் அடங்கிய திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனிக்கட்டணம், இறுதி ஒப்புதல் தருபவர் ஒரே ஒருவர், முழுப்பணம் வந்த பிறகே எழுத்தின் உரிமை கிளையன்டுக்கு. வேலை பாதியில் நின்றால் அதுவரை செய்ததற்கு என்ன தொகை என்பதையும் சேர்த்துவிட வேண்டும். விளம்பரத் தொழிலின் தலைநகரமான நியூயார்க்கிலேயே ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் உரிய காலத்தில் பணமும் தர வேண்டும் என்று 2017-ல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய ஊரிலும் இதே பாடுதான்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், குறைந்த காசுக்குப் பக்கத்தை நிரப்பித் தரும் வேலையை அந்தக் கருவியே செய்துவிடுகிறது. அந்த வேலையை நம்பி அவள் இறங்கக்கூடாது. தயங்கும் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது, சொல்வது உண்மையா என்று சரிபார்ப்பது, பத்து வரியில் எது நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பது, இதற்கெல்லாம் பொறுப்பேற்கும் ஆள் தேவை. கருவியைப் பயன்படுத்தினால் கிளையன்டிடம் சொல்லிவிட வேண்டும். அவர் ரகசியமாகக் கொடுத்த தகவலைக் கேட்காமல் அதற்குள் போடக்கூடாது.

என் யோசனை இது. முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு விளம்பர ஏஜென்சியிலோ ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவிலோ சம்பளத்துக்கு இருக்கட்டும். அங்கே தன் எழுத்தை மற்றவர்கள் வெட்டும்போது பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வாள். பின்னாளில் வேலை கொடுக்கப்போகிறவர்களும் அங்கேதான் பழக்கமாவார்கள். அதற்குச் சம்மதிக்கவே இல்லை என்றால் ஒரு வருடம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கும்போது ஆரம்பிக்கட்டும். "இன்னைக்கு ஏதாவது வேலை வந்ததா?" என்று தினமும் கேட்காதீர்கள், அது குத்தும். வருட முடிவில் எத்தனை கிளையன்ட் இரண்டாவது முறை தேடி வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் தினமும் பயன்படுத்தும் ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதை விற்பவர் நீங்கள், அவள் எழுத்தாளர் என்று வைத்துக்கொண்டு, "இதுக்கு நாலு வரி எழுதிக் கொடு" என்று மட்டும் சொல்லுங்கள். உடனே பேனாவை எடுக்கிறாளா, உங்களைக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு அதை வைத்துப் பேசலாம்.