ஹாரோவில் உடைந்து தெரியும் ஃப்ரீவியூ: பூஸ்டர் வாங்குவதற்கு முன்

லண்டனுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றும், ஹாரோவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஃப்ரீவியூ, அதாவது அன்டெனா வழியாக வரும் இலவச டிஜிட்டல் டிவி, சரியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பிபிசி ஒன் ஓரளவுக்கு ஓடுகிறது, ஐடிவி கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகிறது, 101-இல் தொடங்கும் எச்டி சேனல்கள் பட்டியலிலேயே இல்லை. வீட்டுக்காரரோ, கூரையில் அன்டெனா இருக்கிறது, முன்பு குடியிருந்தவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை என்கிறார். கடையில் விற்கும் பூஸ்டர் (சிக்னல் பெருக்கி) ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் எதுவும் சிக்னல் போதவில்லை என்று காட்டவில்லை.

நம் ஊரில் ஒருவர் மொட்டை மாடியில் ஏறி அன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "தெரியுது, இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்த காலம் உங்களுக்கு நினைவிருந்தால், அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். எவ்வளவு மோசம் என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். பிரிட்டனில் அந்த ஒளிபரப்பு 2007 முதல் பகுதி பகுதியாக நிறுத்தப்பட்டு, 2012-இல் முழுவதும் முடிந்துபோனது. லண்டனில் 2012 ஏப்ரலில் நின்றது. டிஜிட்டலில், வழியில் சிதைந்த தகவலை டிவியே திருத்திக்கொள்கிறது. திருத்த முடிகிற வரையில் படம் பளிங்குபோல் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய கணமே கட்டம் கட்டமாக உடைந்து, ஒலி அறுந்து, திரை கறுத்துவிடும். ஆகவே நன்றாகத் தெரிகிற ஒரு சேனல் உறுதியான நிலையில் இருக்கிறதா, விளிம்பில் நிற்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதைச் சொல்வது டிவியின் மெனுவுக்குள் இருக்கும் சிக்னல் பக்கம்தான். அதில் வலிமை என்று ஓர் அளவும் தரம் என்று ஓர் அளவும் இருக்கும். வலிமை நூறை எட்டியிருந்தும் தரம் தள்ளாடினால், குறை சிக்னலின் அளவில் இல்லை, அது உங்கள் டிவிக்கு வந்து சேரும் பாதையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சேனல் வந்து மற்றொன்று வராததற்கும் காரணம் உண்டு. ஃப்ரீவியூவில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி அலைவரிசை கிடையாது. பல சேனல்களைச் சேர்த்துக் கட்டி, மல்டிபிளெக்ஸ் எனப்படும் ஒரே மூட்டையாக, ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். நாடெங்கும் ஒளிபரப்பாகும் மூட்டைகள் ஆறு. உங்கள் பகுதிக்கு ஒளிபரப்பும் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தில் அவை யுஎச்எஃப் எனப்படும் டிவி அலைவரிசைகளில் 22 முதல் 30 வரையுள்ள எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன: பிபிசி ஒன் வருவது 23-இல், ஐடிவியும் சேனல் ஃபோரும் 26-இல், எச்டி சேனல்கள் 30-இல். இந்த மூன்றும் ஒரே கோபுரத்திலிருந்து, ஒரே 200 கிலோவாட் திறனில் புறப்படுகின்றன. ஹாரோவிலிருந்து அந்தக் கோபுரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். அவ்வளவு அருகில், 23 வந்து 26 வரவில்லை என்றால், தொலைவைக் குற்றம் சொல்ல வழியில்லை. கேபிளிலோ பிளக்கிலோ பழுது இருந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி, சில அலைவரிசைகளில் மட்டும் பள்ளம் விழச் செய்யும். உங்கள் வீட்டில் அந்தப் பள்ளம் ஐடிவியின் மேல் விழுந்திருக்கிறது என்பதே என் ஊகம்.

எச்டி வராதது வேறு கதையாகவும் இருக்கலாம். சாதாரணச் சேனல்களில் பெரும்பாலானவை டிவிபி-டி முறையில் வருகின்றன. எச்டி வருவது அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 முறையில். வீட்டோடு விட்டுச் சென்ற டிவி பழையது என்றால், அதற்குள் இருக்கும் டியூனருக்கு அந்த இரண்டாவது முறை தெரியாது. எத்தனை முறை தேடச் சொன்னாலும் 101 பட்டியலில் வராது. திரைச் சட்டத்திலோ கையேட்டிலோ ஃப்ரீவியூ எச்டி அல்லது ஃப்ரீவியூ ப்ளே என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்டெனாவை நொந்து பயனில்லை.

இப்போது எங்கே கை வைப்பது என்பதற்கு வருகிறேன். பலர் கூரையிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் டிவியின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சுவர் சாக்கெட்டுக்கும் டிவிக்கும் நடுவே கிடக்கும் அந்த இரண்டு மீட்டர் வயர்தான் வீட்டிலேயே அதிகம் மிதிபடுவது, சோஃபா காலில் நசுங்குவது, வீடு மாறும்போது பிடுங்கப்படுவது. அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி ஊசிக்குள் உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும். சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடக் கூடாது. ஒரே ஓர் இழை தொட்டாலும் சிக்னல் அங்கேயே செத்துவிடும். இரட்டை உறையுள்ள நல்ல கேபிள் ஒன்றைக் கடன் வாங்கியாவது மாட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாக்கெட்டிலிருந்து இரண்டு அறைகளுக்குப் பிரிக்கும் சிறு துண்டு இருந்தால், அது சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும்; இரண்டாவது டிவி இல்லாத வீட்டில் அதற்கு வேலையே இல்லை. எச்டிஎம்ஐ கேபிள் மலிவானதாக இருந்து, அன்டெனா வயரோடு பின்னிக் கிடந்தாலும் சில மல்டிபிளெக்ஸ்கள் கெடும். இரண்டையும் பிரித்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நான் பட்டு அறிந்தது. இந்த நாட்டில் என் முதல் வாடகை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, எதற்கென்றே தெரியாத ஒரு சிறு வெள்ளைப் பெட்டி சுவர் மின்சாரத்தில் சொருகியிருந்தது. போனுக்குச் சார்ஜ் போட இடம் வேண்டுமென்று அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். அன்று மாலையே டிவி போய்விட்டது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கூரைக் கம்பத்தில் அன்டெனாவுக்கு அருகே ஒரு பெருக்கி பொருத்தியிருப்பார்கள். அதற்கு வேண்டிய மின்சாரம் அந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து, சிக்னல் இறங்கிவரும் அதே கேபிளின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. மின்சாரம் நின்றால் பெருக்கி சும்மா இருப்பதில்லை, சிக்னலையே மறித்துவிடுகிறது. முன்பு குடியிருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அப்படி ஏதாவது ஒரு பெட்டி பரணிலோ அலமாரிக்குள்ளோ அணைந்து கிடக்கிறதா என்று தேடுங்கள்.

பூஸ்டரை நான் தடுப்பதற்குக் காரணம், அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்குகிறது என்பதுதான். பாதையில் கெட்டுப்போன சிக்னலை அது சீராக்காது. ஏற்கெனவே வலுவாக வரும் சிக்னலை மேலும் ஏற்றினால் டியூனர் திணறி, வந்துகொண்டிருந்த சேனல்களும் போய்விடும். கிரிஸ்டல் பேலஸுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு பூஸ்டர் மாட்டுவது, கோயில் மணிக்கு அடியில் நின்றுகொண்டு ஒலிபெருக்கி கேட்பதுபோல.

கீழே எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள். கூரை ஏற வேண்டாம். தெருவில் நின்று பார்த்தாலே போதும். ஹாரோவிலிருந்து கோபுரம் தென்கிழக்கில் இருக்கிறது. உங்கள் அன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாகக் கிடையாக இருக்க வேண்டும். பிரதானக் கோபுரங்களில் பெரும்பாலானவை கிடைவாட்டில்தான் ஒளிபரப்புகின்றன, மலை மறைக்கும் இடங்களுக்கான சிறு துணைக் கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தில். அண்டை வீடுகளின் அன்டெனாக்கள் ஒரு பக்கம் பார்க்க, உங்களுடையது மட்டும் வேறு பக்கம் பார்த்தால், காற்று அதைத் திருப்பியிருக்கிறது. அதை நிழற்படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பொருள் அவருடையது, அவர் அனுமதியின்றி நீங்கள் தொட வேண்டியதில்லை.

சேனல்கள் உடைகிற வேளையில் மறுதேடல் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் டிவிக்கு எட்டாத மல்டிபிளெக்ஸ்கள் பட்டியலிலிருந்தே அழிந்துவிடும். சில சமயம் பக்கத்து வட்டாரக் கோபுரத்தைப் பிடித்து, லண்டன் செய்திக்குப் பதில் வேறு ஊர்ச் செய்தியைக் காட்டத் தொடங்கும், உங்கள் சேனல்கள் 800-க்கு மேற்பட்ட எண்களில் போய் ஒளிந்துகொள்ளும். குறிப்பாக, காற்றழுத்தம் மிகுந்து, மழையின்றி அசையாமல் நிற்கும் வானிலையில் தொலைதூரக் கோபுரங்களின் சிக்னல் வளைந்து வந்து நம்முடையதோடு மோதும். அதற்கு மருந்து எதுவும் இல்லை. வானிலை மாறினால் தானே சரியாகும். பழுது கோபுரத்திலேயும் நேரலாம்: 2021 ஆகஸ்ட் 10 அன்று வடக்கு யார்க்ஷயரின் பில்ஸ்டேல் கோபுரம் தீப்பற்றியபோது லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் டிவி நின்றது. எதையும் கழற்றுவதற்கு முன், ஃப்ரீவியூ இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, கோபுரத்தில் வேலை நடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வீட்டருகே புதிதாகச் செல்போன் கோபுரம் வந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் டிவி 68 வரை பயன்படுத்திய அலைவரிசைகளில் இன்று மிச்சம் 21 முதல் 48 வரைதான். மற்றவற்றை 4ஜிக்கும் 5ஜிக்கும் கொடுத்துவிட்டார்கள், அந்தப் பணி 2020-இல் முடிந்தது. அதனால் வரும் குறுக்கீட்டுக்கு, செல்போன் நிறுவனங்களின் செலவில் இயங்கும் ரெஸ்டோர் டிவி என்ற திட்டம் வடிகட்டி ஒன்றை இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய அஞ்சலட்டை வந்தால் விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நேரலை டிவி பார்க்க உரிமம் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அதன் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டாக இருந்தது. அன்டெனா இல்லாமல் இணையத்தில் தமிழ்ச் சேனலை நேரலையாகப் பார்த்தாலும் அது வேண்டும், பிபிசி ஐபிளேயருக்கும் வேண்டும். வீட்டை நண்பர்களோடு ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் உங்கள் அறைக்கு நீங்களே எடுக்க வேண்டும்.

முதலில் வயரை மாற்றுங்கள், அந்த வெள்ளைப் பெட்டியைத் தேடுங்கள். அதற்குப் பிறகும் ஐடிவி உடைந்தால், 23, 26, 30 ஆகிய மூன்றிலும் டிவி காட்டும் வலிமையையும் தரத்தையும், காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்களும் கையில் இருந்தால் ஆள் கூப்பிட வேண்டுமா என்பதைச் சொல்லிவிட முடியும்.