கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு

அன்புள்ள ஐயா,

வேலூரில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். ஊர் குடியாத்தம் பக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தேன். அம்மா பீடி சுற்றுகிறார். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றுமே எனக்கு ஆங்கிலப் பெயர்களின் குவியலாகத்தான் இருக்கிறது. முதல் இன்டர்னலில் அனாடமியில் தேறவில்லை. நோயாளிகளைப் பார்க்கவேண்டும் என்று வந்தவள், ஒரு மாதமாகக் கையின் தசைகளையே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். எப்படியாவது பாஸ் செய்துவிட்டு மறந்துவிடு என்கிறார்கள் சீனியர்கள். இதெல்லாம் பிறகு தேவைப்படுமா?

கே.

அன்புள்ள கே,

மறந்துவிடலாம் என்று எனக்கும் சொன்னார்கள். அப்படியே செய்தேன். அதில் பாழானது இன்னொருவருடைய கை.

பயிற்சி மருத்துவராக இரவுப் பணியில் இருந்தேன். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் மணிக்கட்டில் கத்தி பட்டு வந்தார். சின்னக் காயம். "விரலை மடக்குங்க" என்றேன், மடக்கினார். தையல் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டைவிரலின் அடிமேடு வற்றிப்போயிருந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டீ கிளாஸின் சூடு பட்டுச் சுட்டுவிரல் கொப்பளித்திருந்தது, அவருக்கு அது உறைக்கவேயில்லை. கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு அறுந்திருந்தது.

விரல்களை மடக்கும் தசைகள் அந்த நரம்பிலிருந்து முன்கையின் மேல்பகுதியிலேயே கிளை வாங்கிக்கொண்டுவிடுகின்றன. ஆகவே மணிக்கட்டில் நரம்பு அறுந்தாலும் விரல் மடங்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசைக்கான கிளையோ மணிக்கட்டைத் தாண்டித்தான் பிரிகிறது. கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, விரல் நுனியில் பஞ்சால் தொட்டுப் பார்த்திருந்தால் அன்றிரவே தெரிந்திருக்கும். அந்த நரம்பின் கிளைகளை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வரிசையாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவன் நான். எந்த இடத்தில் பிரிகிறது என்பதை எதற்குச் சொல்லித்தருகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதே கிளைக் கணக்கை வைத்து ஆயிரக்கணக்கான கைகளை மீட்ட ஊர் நீங்கள் படிக்கும் வேலூர்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிட்ட ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இறுகியது. செத்த கை என்று ஒதுக்கப்பட்டிருந்ததில் அவ்வளவு பலம் இருந்தது.

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்கள்தான் தோது. நரம்பு தோலை ஒட்டி வரும் இடங்களில், அதாவது முழங்கையருகே சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பையும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியனையும் அது கெடுக்கிறது. அதற்கு முன்பே மீடியனிலிருந்து கிளை வாங்கிக்கொண்ட முன்கைத் தசைகள் தப்பிவிடுகின்றன. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க, தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகளான தசைநாண்கள் இரண்டு உண்டு. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது மடக்கும். விரலை அடிமூட்டில் மடக்கி மற்ற மூட்டுகளில் நீட்டும் சிறு தசை லம்பிரிக்கல்; எடுத்ததை, செயலிழந்த அந்தத் தசையின் வேலைக்கு இடம் மாற்றித் தைத்தார்கள். வளைந்த விரல்கள் நிமிர்ந்தன. நீங்கள் ஒரு மாதமாக மனப்பாடம் செய்வது இந்தக் கையைத்தான்.

பயோகெமிஸ்ட்ரிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வேலூர் வெயிலில் வயிற்றுப்போக்கோடு தூக்கிவரும் குழந்தைக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குளுக்கோஸ் எதற்கு? குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து உள்ளே போகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னது இது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல்.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படுகிறது. நம் பக்கத்தில் எல்லாமே 'நரம்பு'தான். "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் அது சிரை என்கிற ரத்தக்குழாய். "நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்றால் பெரும்பாலும் தசை. "நரம்பு வெட்டுப்பட்டுச்சு" என்றால் தசைநாணாகவும் இருக்கலாம், நிஜமான நரம்பாகவும் இருக்கலாம். நோயாளி அந்த ஒரு சொல்லோடுதான் வருவார். அவர் காட்டும் இடத்தில் தோலுக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தவர்தான் அந்தச் சொல்லைப் பிரித்து அறியமுடியும். அவர் பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சு. அனாடமியும் சேர்ந்துவிட்டால் உங்களுக்கு என்ன குறை?

டிசெக்‌ஷன் டேபிளில், உடலை அறுத்துப் பார்க்கும் இடத்தில், பின்வரிசையில் நிற்காதீர்கள். தேறாதவர்கள் கூச்சப்பட்டுப் பின்னால் போய்விடுவார்கள், பார்த்திருக்கிறேன். கத்தியை நீங்கள் கேட்டு வாங்குங்கள். மீடியன் நரம்பை முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நீங்களே பிரித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கிளையிலும் விரல் வைத்து, இங்கே அறுந்தால் எது போகும், எது மிஞ்சும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் தமிழில் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில். வைவாவுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இலையைச் சுருட்டும்போது அவர் விரல்கள் அடிமூட்டில் மடங்கி, மற்ற மூட்டுகளில் நீண்டு நிற்கும். அதுதான் லம்பிரிக்கல். நூல் கட்டும்போது கட்டைவிரல் எப்படிக் குறுக்கே வருகிறது, அதற்கு நரம்பு எங்கே பிரிந்து போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். விரல் நுனி மரத்துப்போகிறதா என்று அம்மாவிடம் கேட்கவும் மறந்துவிடாதீர்கள்.