கேபிள் முனை மூடி: கேள்வியும் பதிலும்

பிரேக், கிளட்ச், கியர் கேபிள் முனைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக் குழப்பத்துக்குக் காரணம், ‘மூடி’ என்று இரண்டு சாமானைச் சொல்கிறோம். ஒன்று உள் ஒயரின் நுனியில் போடுவது. இன்னொன்று அவுட்டரின், அதாவது ஒயர் உள்ளே ஓடும் வெளி உறையின், முனையில் போடுவது. வேலை வேறு வேறு.

அண்ணா, சைக்கிள் பிரேக் ஒயர் நுனியில் இருந்த அலுமினிய மூடி விழுந்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டலாம். அந்த மூடி எந்த இழுப்பையும் தாங்குவதில்லை. ஒயரைப் பிடித்திருப்பது போல்ட்தான். ஆனால் புரி பிரிந்துவிட்டால், அடுத்த முறை ஒயரை உருவினால் திரும்ப அவுட்டருக்குள் நுழையாது. விரலிலும் குத்தும். பிரிந்த புரிகளை அவற்றின் முறுக்குத் திசையிலேயே திருகிச் சேர்த்து, இன்றே ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

போட்ட மூடி கழன்று கழன்று விழுகிறதே?

அளவு மாறியிருக்கும். சைக்கிள் கியர் ஒயர் 1.1, 1.2 மி.மீ.; பிரேக் ஒயர் 1.5, 1.6 மி.மீ. பிரேக் ஒயர் மூடியை கியர் ஒயரில் போட்டால் நிற்காது. சரியான மூடியை அடி வரை தள்ளி, பிளையரால் இரண்டு இடத்தில் நசுக்குங்கள். வெட்டும் வாயில் வைத்து அழுத்தினால் மூடியோடு ஒயரும் போய்விடும்.

புது அவுட்டர் வெட்டிப் போட்டேன். லீவரைப் பிடித்தால் மெத்மெத்தென்று அமுங்குகிறது. ஒயர் புதுசுதான்.

ஒயரை விடுங்கள், அவுட்டர் முனையைப் பாருங்கள். லீவரை இழுக்கும்போது ஒயர் எவ்வளவு இழுபடுகிறதோ, அதே அளவு அவுட்டர் நெருக்கப்படுகிறது. முனை சாய்வாக வெட்டியிருந்தால் அந்த நெருக்கல் முழுவதும் ஒரு ஓரத்தில் விழும். ஒவ்வொரு பிடிக்கும் அது கொஞ்சம் அமுங்கும். உங்கள் கைக்குத் தெரிவது அதுதான். மூடியைக் கழற்றி, முனையை அரத்தால் நேராக ராவுங்கள். பிறகு துளைக்குள் பாருங்கள்: சுருள் கம்பியின் பிசிறு உள்பக்கமாக மடங்கியிருந்தால் அது ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டு, நசுங்கிய பிளாஸ்டிக் குழலைக் குத்தூசியால் விரித்துவிடுங்கள். மூடி அடி தட்டும் வரை உட்காரவேண்டும். அடுத்த முறை வெட்டும்போது பழைய ஒயர்த் துண்டு ஒன்றை உள்ளே விட்டு வெட்டுங்கள், குழல் நசுங்காது.

மிச்சமிருக்கும் கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடலாமா? மூடி பொருந்துகிறது.

கூடாது. சாதாரண கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பலமாக பிரேக் பிடித்தால் அவை பிதுங்கி வெளியே வந்துவிடும். மூடி பொருந்துவது ஒரு சான்றே இல்லை.

பைக் கிளட்ச் கேபிளின் நிப்பிள் (ஒயர் முனையில் இருக்கும் உலோகக் குமிழ்) கழன்றுவிட்டது. ஈயம் வைத்தால் நிற்குமா?

சரியாக வைத்தால் நிற்கும். ஒயரை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நிப்பிளில் நுழைத்து, வெளியே வந்த நுனியைப் பூப்போல விரித்து, நிப்பிளின் குழிக்குள் இழுத்துவிடுங்கள். அதன்மேல்தான் ஈயம். விரிக்காமல் வைத்தால் ஒயர் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சூடு அதிக நேரம் காட்டினால் ஈயம் ஒயரில் மேலேறி, அந்த இடம் விறைத்து, பிறகு அங்கேயே முறியும். ஸ்டெயின்லெஸ் ஒயரில் சாதாரண பிளக்ஸ் (ஈயம் ஒட்டத் தடவுவது) பிடிக்காது, அமிலப் பிளக்ஸ் வேண்டும்; முடிந்ததும் கழுவிவிடவேண்டும். பிரேக் கேபிளுக்கு இந்த வேலையே வேண்டாம், புதுசு வாங்குங்கள். ஸ்குரூ வைத்த நிப்பிள் வீடு வந்து சேர மட்டும்.

ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றியபின், ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் எஞ்சின் வேகம் தானாக ஏறுகிறது.

அவுட்டர் மூடி தன் குழியில் முழுதாக உட்காராமல் விளிம்பில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால், கேபிள் போகும் வழி மாறி எங்கோ இழுபடுகிறது. அட்ஜஸ்டரைத் தொடுவது அதற்கு அப்புறம். சரியாகும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

மூடிக்குப் பதில் சூப்பர் க்ளூ?

நுனி பிரியாமல் இருக்க ஒரு சொட்டு போதும். வெட்டுவதற்கு முன்பே விட்டுக் காயவைத்து, அதன் நடுவில் வெட்டுங்கள்.