கஞ்சியும் இரண்டாவது அம்பும்

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். கணவர் தறிப்பட்டறையிலிருந்து வர ராத்திரி பத்தாகும். ஈரோட்டு நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவை விசாரித்துவிட்டு எனக்கு யோசனை சொல்வார். போன வாரம் வாயில் வைத்த கஞ்சியை மாமியார் என் மேலேயே துப்பினார். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவர் பயந்து கண்ணை மூடிக்கொண்டது மனசை விட்டுப் போகவில்லை. புத்த தியானம் செய்தால் பொறுமை வரும், ஏற்காடு பக்கம் பத்து நாள் முகாமுக்குப் போ என்கிறாள் தோழி. முருகனைக் கும்பிடுகிறவள் நான். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், அம்மாபேட்டை, சேலம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. தாராளமாகச் செய்யலாம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று நம் ஊர்க்காரர்கள் கும்பிட்டுவந்த சிலையை, தொல்லியல் துறை அறிக்கையை வைத்து, புத்தர்தான் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தலைவாசல் பக்கம் தியாகனூரில் ஆளுயரத்துக்கு மேல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முகாம் மட்டும் இப்போது வேண்டாம். வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்ற நினைப்போடுதான் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். கிடைக்கிற அமைதியும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பாதி கரைந்துவிடும்.

கஞ்சிக்கு வருவோம். சல்லத்த சூத்திரத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடம்பில் படும் வலி முதல் அம்பு. அதை நினைத்து மனசு படும் பாடு இரண்டாவது. பயின்றவருக்கு ஒன்றுதான் தைக்கும், மற்றவர்களுக்கு இரண்டும். புடவையில் கஞ்சி விழுந்தது முதல் அம்பு. ‘வேணும்னே துப்புறாங்க’ என்று தோன்றியதே, அதுதான் இரண்டாவது. கையை ஓங்க வைத்தது அந்த நினைப்புதான். அது நிஜம்தானா? பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதே சிரமம். நீர்க்க இருக்கும் கஞ்சி சட்டென்று புரையேறும். படுத்த வாக்கில் ஊட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். எந்தப் பதத்தில் கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியும் கை பரபரத்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு வாசல் வரை போய் வாருங்கள். கஞ்சி ஆறினால் ஆறட்டும்.

தியானத்துக்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லியிருப்பார்களே, அந்த நேரம் போதும். தோளில் கை வைத்ததும் திருப்பிவிடாதீர்கள். மூன்று மூச்சு இருங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், வருவதையும் போவதையும் கவனித்தால் போதும். ஆனாபானசதி என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் முதல் படி இதுதான். மூன்றாவது மூச்சில் ‘நான் நல்லா இருக்கணும்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். மாமியார் இல்லை, நீங்கள்! எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் மைத்திரி தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல். எடுத்த எடுப்பில் பிடிக்காதவரிடம் போகாதே என்றும் சொல்கிறது. உங்களுக்கு இதுவே பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயம். பிக்குகளுக்கான ஒழுங்கு விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு வந்த பிக்கு ஒருவர் தன் மலத்திலேயே கிடக்கிறார். ‘உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா?’ என்கிறார் புத்தர். ‘நான் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைப் பார்ப்பதில்லை’ என்கிறார் அவர். புத்தரின் சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப் பக்கம் புத்தரும் கால் பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது இந்த இடத்தில்தான். எல்லோரும் அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் படுவது வேறு: புத்தரே ஒரு நோயாளியைத் தனியாகத் தூக்கவில்லை! தூக்கிக் கிடத்திய கையோடு பிக்குகள் எல்லோரையும் கூப்பிட்டு, யார் யார் பார்க்க வேண்டும் என்று முறை வைத்தார். யாருமே இல்லாவிட்டால் பிக்குகளின் சங்கமே பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்ளச் சிரமமான நோயாளிகளும் உண்டு என்று அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். உங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஒற்றை ஆள்?

ராத்திரி பத்து மணிக்குத் திருப்பிப் படுக்கவைப்பது இனி உங்கள் கணவர் வேலை. அவர் அம்மாதானே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி, நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கை ஓங்கிய காட்சி தூக்கத்தைக் கெடுத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது, ‘மாசத்துல ரெண்டு நாள் நீங்க வந்து அம்மாவைப் பாத்துக்கங்க அண்ணி, எந்தத் தேதி தோதுப்படும்?’ என்று கேளுங்கள். அவர் யோசனை சொல்ல ஆரம்பித்தால் மூன்று மூச்சு விட்டுவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.