சந்தேகம் இருக்கும்போது நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

கேள்வி: நான் 36 வயதான ஆசிரியை. வாரந்தோறும் சனிக்கிழமை குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பாவங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் போவேன். இருந்தும் வெளியே வந்ததும், ஏதோ ஒன்றை விட்டுவிட்டேனோ என்ற பயத்தில் அன்றே வேறு பங்குக் கோயிலுக்குப் போய் மறுபடியும் செய்ததுண்டு. பூசையில் ஒரு கெட்ட எண்ணம் வந்தாலோ, பல் துலக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டாலோ நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறேன். படுக்கையில் இருக்கும் மாமியார் கூப்பிட்டால்கூட, என் பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனையில் இருக்கும்போது எரிச்சல் வந்துவிடுகிறது. என் அண்ணனோ கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வந்து, "என் மனச்சாட்சி சுத்தம்" என்று சொல்லி நன்மை வாங்கிவிட்டுப் போகிறார். அவரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. எங்கள் இருவரில் யாருடைய மனச்சாட்சி சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இருவருடையதும் சரியில்லை. ஆனால் கடிதம் எழுதியவர் நீங்கள் என்பதால், உங்களுக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மனச்சான்று என்பது, நான் செய்யவிருக்கும் அல்லது செய்துவிட்ட ஒரு செயல் நல்லதா தீயதா என்று அறிவு வழங்கும் தீர்ப்பு என்றே திருச்சபை கற்பிக்கிறது. தீர்ப்புக்குக் காரணம் வேண்டும். உங்களைப் பெஞ்சிலேயே உட்கார வைப்பது அத்தகைய தீர்ப்பு அன்று, அச்சம். காரணம் கேட்டால் அதனிடம் பதில் இருக்காது, "ஒருவேளை இருந்தால்?" என்று மட்டுமே அது திரும்பத் திரும்பக் கேட்கும். மனச்சான்றுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டளை இந்த அச்சத்துக்குப் பொருந்தாது.

நன்மை வாங்கத் தடையாக இருக்கும் சாவான பாவத்துக்குக் கனமான பொருள் (செய்ததே பெருந்தவறாக இருத்தல்), முழு அறிவு, முழு மனச்சம்மதம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1857ஆம் எண்ணில் கூறுகிறது. பூசை நேரத்தில் நீங்கள் அழைக்காமலே வந்து, நீங்கள் விரட்ட முயன்ற எண்ணத்தில் சம்மதம் எங்கே இருக்கிறது? "சம்மதித்தேனா இல்லையா என்றே தெரியவில்லையே" என்பீர்கள். பாவத்துக்கு இவ்வளவு அஞ்சும் ஒருவர் தமக்கே தெரியாமல் கனமான பாவத்துக்கு முழுமனத்தோடு இசைந்திருக்க மாட்டார் என்று கொள்வதே அறநெறி இறையியலாரின் பழைய வழக்கம். சம்மதித்தது பட்டப்பகல்போல் உறுதியாகத் தெரிந்தாலன்றி, சம்மதிக்கவில்லை என்றே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன பாவமும் மன்னிக்கப்பட்ட பாவமே. அது கனமானதாக இருந்து பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும், அதுவரை நன்மை வாங்கத் தடையில்லை. நன்மை வாங்குமுன் உண்ணாதிருக்கும் நற்கருணை நோன்பைத் தண்ணீர் முறிப்பதே இல்லை, ஆகவே பல் துலக்கிய கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே பல குருக்களிடம் கேட்டிருப்பீர்கள், கேட்டும் பயம் போயிருக்காது. விளக்கத்தால் மட்டும் இது தீராது என்பதற்கு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே சாட்சி. 1522இல் ஸ்பெயினின் மொன்செராட் மடத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, வாழ்நாள் பாவங்கள் அனைத்தையும் எழுதிவைத்துச் சங்கீர்த்தனம் செய்தவர் அவர். பிறகு மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, எதையோ சொல்லாமல் விட்டதாக மனம் அரிக்கத் தொடங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்கு அது முற்றியது. "மிகத் தெளிவாகத் தெரிந்தாலன்றிப் பழைய பாவங்களைச் சொல்ல வேண்டாம்" என்று அவருடைய ஆன்ம குரு சொல்லிப் பார்த்தார். பயன் இல்லை, ஏனெனில் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தன! கடைசியில், பழைய பாவம் எதையும் இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. விதிவிலக்கோடு கூடிய அறிவுரை உங்களுக்கு உதவாது, அந்த விதிவிலக்கிலேயே நீங்கள் குடியேறிவிடுவீர்கள். ஒரே ஒரு குருவானவரைத் தேர்ந்துகொண்டு, உங்கள் நிலையை ஒருமுறை முழுமையாகச் சொல்லி, எத்தனை நாளுக்கொரு முறை வரலாம், எவற்றைச் சொல்லக் கூடாது என்று திட்டமான விதி கேளுங்கள். அதை மீறி அன்றே வேறு பங்குக்கு ஓடுவதைப் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிட வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம் விதிக்கும் கடமை. அற்பப் பாவங்களைச் சொல்வது பரிந்துரைக்கப்படுகிறதே தவிர, கட்டாயம் அன்று. பிறருடைய மனச்சான்றுக்கு வழிகாட்டிய அறநெறி இறையியலார் புனித அல்போன்ஸ் லிகோரியாரும் தம்முடைய மனக்கலக்கங்களில் ஆன்ம குருவின் சொல்லையே பற்றிக்கொண்டார். திருச்சபை 1950இல் அவரை பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தது.

"சந்தேகத்தோடு செயல்படலாகாது என்று படித்திருக்கிறேனே" என்று கேட்பீர்கள். காரணத்தோடு கூடிய சந்தேகத்துக்கு அந்த விதி சரி. காரணமற்ற உறுத்தலுக்கு எதிராகச் செயல்படலாம், சில வேளை செயல்படவே வேண்டும் என்பதும் அதே இறையியல் கற்பிப்பதே.

உங்களைவிட நான் அதிகம் குறைகூற விரும்புவது நம் தவக்காலத் தியானப் பிரசங்கங்களை. மனச்சான்று மரத்துப்போனவர்களை உலுக்குவதற்காகப் பிரசங்கியார் குரலை உயர்த்துகிறார். அண்ணன் வீட்டில் இருக்கிறார், தங்கை முன்வரிசையில் அமர்ந்து நடுங்குகிறார். மனம் தடித்தவரை மேலும் தடிக்கச் செய்வதும், மென்மையானவரை எல்லை கடந்து மென்மையாக்குவதுமே பகைவனான சாத்தானின் உத்தி, அவன் இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும் என்றார் இஞ்ஞாசியார். ஆகவே அண்ணனுக்குரிய மருந்தை நீங்கள் குடிக்க வேண்டாம். பாவப் பழக்கத்தால் மனச்சான்று ஏறக்குறையக் குருடாகிவிடும் என்று திருச்சபை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எச்சரித்தது அவருக்கே பொருந்தும். உழைத்தவரின் கூலியைப் பிடித்துவைப்பது கனமான பொருள்; அதைத் திருப்பிக் கொடுக்காமல் மனச்சாட்சி சுத்தம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

மாமியாரைப் பற்றி எழுதியதையும் கவனித்தேன். நீங்கள் அடுக்கிய மற்றவையெல்லாம் உங்கள் செபத்தையும் உங்கள் தூய்மையையும் பற்றியவை. இன்னொரு மனிதரைத் தொட்டது அந்த ஒன்றுதான், அதையும் போகிற போக்கில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். இதைச் சொல்வதால் பட்டியலில் இன்னொரு பாவத்தைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அவர் கூப்பிட்டால் ஆன்ம சோதனையை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. மறுபடி மறுபடி சரிபார்க்கத் தூண்டும் இந்தப் பயம், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறை சங்கீர்த்தனம் செய்யும்போதும் கிடைக்கும் சிறு நிம்மதியே அடுத்த பயத்துக்குத் தீனியாகிறது. அந்தத் தூண்டுதலுக்கு இணங்காதிருக்கப் பழக்கும் சிகிச்சையும் மருந்துகளும் இதற்கு உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரைப் பார்ப்பதை ஆன்ம குருவிடமும், அவர் தந்த விதியை மருத்துவரிடமும் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு, உறுத்தல் இருக்கும்போதே எழுந்து போய் நன்மை வாங்குங்கள். மருத்துவர் தரும் மாத்திரையைப் பூசைக்குச் சற்று முன்னால் போட வேண்டியிருந்தாலும் நற்கருணை நோன்பு முறியாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அதைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.