தரைக்கடியில் களிம்பேறிய செப்புக் குழாய்

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் எங்கள் பழைய வீடு. டைல்ஸ் மாற்றத் தரையை உடைத்தபோது, கீசரிலிருந்து வரும் செப்புக் குழாய் பச்சை பூத்து இரண்டு இடத்தில் கசிவது தெரிந்தது. கசியும் இடத்தை வெட்டி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துண்டு போட்டால் போதும் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். செம்பு வழியாக வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் துளியளவு செம்பு, அடுத்து வரும் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சில் படிந்து அதை அரிக்கும். செம்பையும் இரும்பையும் சேர்த்து முடுக்கிய இடமோ அதற்கு முன்பே போய்விடும்.

வெளியே பூத்த பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செம்புக் குடத்தில் ஏறும் களிம்புதான் அது, புளி போட்டுத் தேய்த்தால் போகும். குழாய்க்கு எமன் உள்ளே விழும் ஊசிக்குழி. கசிந்த இடத்தில் ஒரு சாண் வெட்டியெடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். குழிகள் தெரிந்தால், அதே தண்ணீரைக் குடித்த மீதிக் குழாயையும் நம்ப முடியாது. அதை விட்டுவைத்தால் புது டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டிவரும். உள்ளே சுத்தமாக இருந்து வெளியே மட்டும் அரித்திருந்தால், நிரப்பிய மணலில் உப்பு இருக்கலாம், கழிவறைக் குழாய் கசியலாம். அதை முதலில் சரிபாருங்கள்.

கடலோர டெல்டாவில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதிலுள்ள குளோரைடு செம்பில் குழி பறிக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் குளோரைடு, பி.எச். (அமில, காரத் தன்மை), செம்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் கூடாது. இராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் முதலில் பிடித்துக் கொடுத்தால்தான் உண்மை தெரியும். அதுவரை கீசர் தண்ணீரில் சமைக்காதீர்கள்.

மாற்றுவதென்றால் வெந்நீருக்கு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போதும், 93 டிகிரி வரை தாங்கும். மறுபடி தரைக்கடியில் புதைக்காமல் சுவரோடு கொண்டுபோங்கள். நம் களிமண் கோடையில் வெடிக்கும், தண்ணீர் வந்தால் ஊதும். அந்த இழுப்பில் இணைப்புகள் விட்டுப்போகும்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் மின்சார எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் போட்டதும் அது அறுந்துபோகும், கீசர் உள்ள வீட்டில் உயிருக்கே ஆபத்து. செம்பில் கை வைக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி எர்த் போட்டுவிடுங்கள்.

எடுத்த செம்பை எடைக்குப் போட்டால் செலவில் கொஞ்சம் தேறும். பூசுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். குழாய் போகும் வழியைப் போனில் படமெடுத்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.